பட்டணத்தில் பசித்தால் எங்கே உட்காருவது?

மட்டக்களப்புப் பட்டணத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று ஆண்களிடம் கேட்டால் உடனே பதில் வரும். எந்தக் கடையில் கொத்து ருசி, எந்தக் கடையில் மத்தியானம் இறைச்சிக்கறி முடிய முன்னர் போய்விட வேண்டும், எங்கே பிளேன்ரீ நல்ல சாயமாக இருக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்வார்கள். அதே கேள்வியை வாகரையிலும் கதிரவெளியிலும் எமது மாதாந்தக் கூட்டங்களுக்கு வரும் பெண்களிடம் கேட்டேன். சிரித்தார்கள். "கடையிலயா? நான் வீட்டில இருந்து சோறு கட்டித்துப் போறதுகா" என்றார் ஒருவர். "பஸ் ஸ்டாண்டில ஒரு பணிஸ் வாங்கித் திண்டா போதும்" என்றார் இன்னொருவர். "பசியோட வந்து வீட்டில தின்னுறதான்" என்றார் மூன்றாமவர். அங்கிருந்த பெண்களில் பட்டணத்துக் கடை ஒன்றில் தனியாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் மாதத்தில் ஒருமுறையாவது பட்டணம் போய்வருபவர்கள்.

வாகரையில் இருந்து பட்டணம் 60 கிலோமீற்றருக்கு மேல். அதிகாலை பஸ்ஸில் ஏறும் பெண் பெரும்பாலும் தேத்தண்ணி மட்டும்தான் குடித்திருப்பார். பனிச்சங்கேணி, மாங்கேணி, வாழைச்சேனை, செங்கலடி, ஏறாவூர் எல்லாம் தாண்டி இறங்கும்போது வயிறு காய்ந்திருக்கும். இறங்கியவுடன் வரிசை. போதனா வைத்தியசாலை கிளினிக்கில் ஒரு வரிசை, வங்கியில் ஒரு வரிசை, நீதிமன்றத் தவணை என்றால் பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பு. கணவரின் மரணச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் பிறப்புப் பதிவு என்று அலைச்சலுக்குக் குறைவில்லை. 2014 இல் காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு எமது மாவட்டத்தில் அமர்வுகளை நடத்தியபோது, எமது பகுதிப் பெண்கள் விடியப்புறம் புறப்பட்டுப் போய்ப் பின்னேரம்வரை இருந்தார்கள். வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே வந்த ஒரு அம்மா படிக்கட்டிலேயே இருந்துவிட்டார். அழுகையால்தான் தளர்ந்துவிட்டார் என்று நினைத்தோம். தண்ணீர் கொடுத்துக் கேட்டபோது, முதல்நாள் இரவு சாப்பிட்டதுதான் என்றார். மகனைப் பற்றிச் சொல்லப் போகும்போது எப்படிச் சாப்பிடுவது என்றும் கேட்டார்.

ஆகவே சாப்பாட்டுக் கடை என்பது எமது பெண்களுக்கு உல்லாசத்துக்கான விடயம் அல்ல. பட்டணத்துக்குப் போன காரியம் முடியும்வரை நின்றுபிடிக்க அது வேண்டும். ஆனாலும் உல்லாசமாக இருந்தால்தான் என்ன குற்றம்? அதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பட்டணத்தின் கடைகளைப் பார்ப்போம். சாப்பாட்டுக்குக் குறைவான ஊர் அல்ல இது. பழைய பட்டணம் களப்பு சூழ்ந்த புளியந்தீவு. கோட்டைக்குள் கச்சேரி இருந்த காலத்தில் அலுவலுக்கு வந்தவர்களை நம்பியே சுற்றுவட்டாரத்துச் சோற்றுக் கடைகள் பல நடந்தன. 2024 இல் மாவட்டச் செயலகம் திராய்மடுவில் கட்டிய புதிய கட்டிடத்துக்குப் போய்விட்டது. பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே அலுவல் முடித்த பெண்களுக்கு இப்போது இன்னொரு பஸ்ஸோ ஓட்டோவோ தேவை. கையில் இருக்கும் சில்லறையில் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது ஓட்டோவுக்குப் போகிறது.

கோட்டைமுனைப் பக்கமும் திருகோணமலை வீதியும்தான் இன்று கடைகள் நெருங்கிய பகுதி. திருகோணமலை வீதியில் இருக்கும் சன்ஷைன் பேக்கரியைத் தெரியாதவர்கள் குறைவு. றோல்ஸ், பற்றிஸ், கேக் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். இளம் பெண்கள் கூட்டாக வந்து இருந்து சாப்பிடுவதை அங்கே கண்டிருக்கிறேன். அதைப் பார்க்க எனக்குச் சந்தோசம். வெள்ளிக்கிழமை விரதகாரருக்கு சைவக் கடைகள் உண்டு. தோசையும் உழுந்து வடையும் சாம்பாரும் கிடைக்கும். முஸ்லிம் சகோதரர்களின் கடைகளில் புரியாணியும் ஆட்டுக்கால் சூப்பும் பேர்போனவை. அதற்கென்றே காத்தான்குடிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் பாணியும் எமது மாவட்டத்தின் சொத்து. வெளியூர்க்காரர் திரும்பிப் போகும்போது தயிர்ச் சட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதைப் பஸ்ஸில் காணலாம்.

இரவானால் கொத்துச் சத்தம். கொத்து ரொட்டி எமது கிழக்கு மாகாணத்தில்தான் பிறந்தது என்று இங்கே பலரும் பெருமையாகச் சொல்வார்கள். பிறந்த இடம் எதுவானாலும் அதன் தாய் கோதுமை மாதான். எமது பாட்டிமார் அரிசியையும் குரக்கனையும் மரவள்ளியையும் நம்பி வாழ்ந்தவர்கள். வெளிநாட்டுக் கோதுமை வந்து குவிந்ததும், திருகோணமலை சீனன்குடாவில் 1980 இல் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியதும் ரொட்டியும் பாணும் பணிஸும் சாதாரண உணவாகிவிட்டன. அகதி முகாம்களில் எமக்குக் கிடைத்த நிவாரணத்திலும் கோதுமை மாதான் முதலிடம். இப்போது சோற்றுக் கடையில் குரக்கன் பிட்டு கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

கொத்துக் கல்லின் முன்னால் நிற்பவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? இரண்டு தகடுகளையும் பிடித்துத் தாளம் போடுபவர் ஆண். ரொட்டி வீசுபவர் ஆண். தேத்தண்ணி ஆற்றுபவர், மேசை துடைப்பவர், காசு வாங்கும் முதலாளி எல்லோரும் ஆண்கள். வீட்டில் அடுப்படிப் பக்கம் வராதவர்கள் கடையில் வந்து சமைக்கிறார்கள். வீட்டில் சமைத்தால் அது பெண்ணின் கடமை, சம்பளம் இல்லை. கடையில் சமைத்தால் அது தொழில், சம்பளம் உண்டு. வந்தாறுமூலையில் சமூகவியல் படித்த காலத்தில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினேன். ஆனால் பட்டணத்துக் கடையொன்றின் பின்பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு நன்றாக விளங்கியது. அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டும் சட்டி கழுவிக்கொண்டும் இருந்தவர்கள் பெண்கள். முன்பக்கத்தில் இருந்து பார்த்தால் அவர்கள் தெரியமாட்டார்கள்.

அவர்களையும் விடத் தெரியாதவர்கள் இடியப்பம் அவித்துக் கொடுக்கும் பெண்கள். காலையில் கடையில் தட்டுத் தட்டாக வரும் இடியப்பம் பெரும்பாலும் கடையில் அவித்ததல்ல. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் விடிய முன்னர் அவித்து, பெட்டியில் வைத்துத் துணியால் மூடி, சைக்கிளிலோ ஓட்டோவிலோ கொண்டுவந்து கொடுப்பது. ஓர் இடியப்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மீந்தால் திருப்பிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. வாழைச்சேனைப் பக்கம் இப்படித் தொழில் செய்யும் ஒரு அக்காவுடன் இருந்து ஒருநாள் கணக்குப் போட்டோம். அரிசி, மா திரித்த கூலி, விறகு, ஓட்டோக் காசு எல்லாம் எழுதினோம். இரவு 2 மணிக்கு எழும்பி 6 மணிவரை வேலை செய்கிறீர்களே, அந்த நாலு மணித்தியாலத்தை எங்கே எழுதுவது என்று கேட்டேன். "அது என்ர கைதானே" என்றார். ஒரு நாள் கூலிவேலைக்குப் போகும் பெண்ணுக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வருமோ அதைச் சேர்த்துப் பார்த்தோம். இலாபம் என்று அவர் நினைத்திருந்தது இல்லாமற் போயிற்று. அவர் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு அதே கொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரருடன் கதைத்திருக்கிறார். விலை சிறிது கூட்டிக் கிடைத்தது. கேட்காமலே இருந்திருந்தால் அதுவும் கிடைத்திராது. உணவுத் தொழில் செய்யும் சகோதரிகள் எல்லோரும் தமது நேரத்தையும் ஒரு செலவாக எழுதிப் பாருங்கள். வீட்டு விறகையும் வீட்டுத் தேங்காயையும் சும்மா கிடைத்ததாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இனி, உட்காருவது பற்றி. ஒரு பெண் தனியாகக் கடைக்குள் போனால் என்ன நடக்கிறது? வாசலில் நிற்கும் ஆண்கள் விலகாமல் பார்ப்பார்கள். உள்ளே மேசைகளில் ஆண்கள். "பார்சலா?" என்று முதற் கேள்வி வரும். இல்லை, இருந்து சாப்பிட வேண்டும் என்றால் தட்டிபோட்டு மறைத்த பின்மேசையைக் காட்டுவார்கள். அங்கே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கடையில் நான் முன்மேசையில் போய் இருந்தேன். பரிமாறுபவர் வந்து, "மிஸ், உள்ள இடமிருக்கு" என்றார். இங்கேயே இருக்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சோறும் தந்தார். ஆனால் சாப்பிட்டு முடியும்வரை என் கையைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. கோபத்தில் சாப்பிட்ட சோற்றின் ருசி இன்றுவரை ஞாபகமில்லை. படித்து வேலை செய்யும் எனக்கே இப்படி என்றால், வெள்ளைச் சேலையோடு வரும் ஒரு விதவைத் தாய்க்கு எப்படி இருக்கும்?

மலசலகூடம் இன்னொரு பிரச்சினை. வயிறாரச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் பிறகு எங்கே போவது என்பதற்காகவே சாப்பிடாமல் இருக்கும் பெண்கள் பலர். மாதவிடாய் நாட்களில் பயணம் என்றால் சொல்லத் தேவையில்லை. நான் ஒரு கடை நல்லதா இல்லையா என்று பார்க்கும்போது கறியின் ருசியை இரண்டாவதாகத்தான் வைக்கிறேன். பெண்களுக்கு உள்ளே பூட்டு வேலை செய்யும் ஒரு மலசலகூடம் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கிறேன்.

கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பது சின்ன விடயம் என்று யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்து வரலாற்றைச் சொல்லுங்கள். அங்கே ஒடுக்கப்பட்ட சாதி மக்களைத் தேநீர்க் கடைகளில் உள்ளே விடாமல் வெளியே நிறுத்தி, வேறு பாத்திரத்தில் தேநீர் கொடுத்த காலம் இருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1960 களின் பிற்பகுதியில் சங்கானை போன்ற இடங்களில் மக்கள் கூட்டமாகக் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்து போராடித்தான் கதிரையும் குவளையும் பொதுவாகின. அடிபட்டார்கள், உயிரும் கொடுத்தார்கள். பெண்களை எவரும் பலகை போட்டுத் தடுக்கவில்லை. பார்வையாலும் பேச்சாலும் தடுக்கிறார்கள். பலகை இல்லாததால் எதை எதிர்த்துப் போராடுவது என்றும் தெரிவதில்லை.

கதிரவெளியைச் சேர்ந்த ஒரு அக்காவின் கதையை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். 2006 நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மேல் ஷெல் விழுந்து பலர் இறந்ததை எமது வாசகிகள் மறந்திருக்கமாட்டார்கள். அதன்பின் வாகரையில் இருக்க முடியாமல் மக்கள் காட்டு வழியாகவும் களப்பைக் கடந்தும் வெளியேறினார்கள். இவரும் இரண்டு பிள்ளைகளோடு நடந்து வந்தவர். முகாமில் ஏறக்குறைய எல்லா நேரமும் சோற்றுப் பார்சல். வரிசையில் நின்று கைநீட்டி வாங்கி, நிலத்தில் இருந்து பிரித்துச் சாப்பிட வேண்டும். பொலித்தீன் வாசமும் சூட்டில் அவிந்த கறியின் வாசமும் சேர்ந்து வரும். அந்தப் பார்சலுக்கு அவர் நன்றி சொல்கிறார், பிள்ளைகள் உயிரோடிருக்க அதுதான் காரணம் என்கிறார். ஆனால் அன்றிலிருந்து பார்சல் சோறு அவருக்கு இறங்காது. "எனக்குத் தட்டில போட்டுத் தந்தாத்தான் தங்கச்சி சாப்பாடு. பார்சலைப் பிரிச்சா முகாம் வந்திரும்" என்றார். 2017 செப்டெம்பரில் அரசாங்கம் பொலித்தீன் லஞ்சீற்றைத் தடை செய்தபோது சூழலுக்கு நல்லது என்று எல்லோரும் பேசினோம். இவர் மட்டும் வேறு காரணத்துக்காகச் சந்தோசப்பட்டார். தடை வந்தும் பார்சல் ஒழியவில்லை என்பது வேறு கதை.

இந்த அக்காவோடும் இன்னும் சில பெண்களோடும் வான் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். நல்லூரில் கும்பிட்டுவிட்டு, திருநெல்வேலியில் இருக்கும் 'அம்மாச்சி' உணவகத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். அம்மாச்சி என்பது வட மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிய பாரம்பரிய உணவகம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும்கூட உண்டு. கட்டிடமும் பயிற்சியும் மேற்பார்வையும் திணைக்களத்தின் பொறுப்பு. சமைப்பதும் விற்பதும் பெண்கள். போரில் கணவரை இழந்தவர்களும் குடும்பப் பாரத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். பேரைக் கேட்டவுடனேயே எமது பெண்களுக்குப் பிடித்துவிட்டது. எங்கட பக்கத்தில் 'பெத்தம்மா' என்று வைத்திருப்போம் என்றார்கள்.

சிங்களப் பகுதிகளில் இதே மாதிரியான உணவகங்கள் 'ஹெல போஜுன்' என்ற பெயரில் நடக்கின்றன. கண்டிப் பக்கம் போனவர்கள் பேராதனைக்குக் கிட்டவுள்ள கன்னொறுவையில் பார்த்திருக்கலாம். அங்கும் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள்தான் சமைத்து விற்கிறார்கள். கோதுமை மாவைத் தவிர்த்து உள்ளூர் அரிசி, தானியம், கிழங்கு, இலைவகைகளில் செய்வது கொள்கை. வடக்கில் தொடங்கியபோது சிங்களப் பெயரா தமிழ்ப் பெயரா என்று ஓர் இழுபறியும் நடந்தது. அம்மாச்சி என்ற பேர் நின்றது நல்லதாகப் போயிற்று. மொழி எதுவானாலும் அடுப்பின் முன்னால் நிற்கும் பெண்ணின் கதை பெரிதாக வேறுபடவில்லை என்பதும் உண்மை.

திருநெல்வேலியில் எமது பெண்கள் முதலில் பார்த்தது சாப்பாட்டை அல்ல, இடத்தை. திறந்த இடம், நல்ல வெளிச்சம். பல்கலைக்கழகம் கிட்ட இருப்பதால் மாணவிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அலுவலகப் பெண்கள் தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்முன்னாலேயே தோசை வார்க்கிறார்கள், வடை சுடுகிறார்கள். அப்பம், பிட்டு, இடியப்பம், குரக்கன் பலகாரம், கூழ், இலைக்கஞ்சி, பழச்சாறு என்று பார்க்கவே வயிறு நிறைந்தது. நாமே வாங்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். விலை வெளிக்கடைகளைவிடக் குறைவு. கதிரவெளி அக்கா தட்டில் இரண்டு தோசையும் சம்பலும் வாங்கிக்கொண்டு நடு மேசையில் போய் இருந்தார். முடிந்ததும் எழும்பிப் போய் இன்னும் ஒன்று வாங்கினார். அதை அவரே காசு கொடுத்து வாங்கியது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதுபோல் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம்.

அன்று அங்கே மச்சச் சாப்பாடு காணவில்லை. எமது பெண்களின் விமர்சனம் அதுதான். கடலும் களப்பும் இரண்டு பக்கமும் கிடக்கும் ஊரில் இருந்து வந்தவர்கள் அல்லவா! "எங்கட நண்டையும் கூனி றாலையும் வைச்சா இந்தச் சனம் வீட்ட போகாது" என்றார் பனிச்சங்கேணிப் பெண் ஒருவர். ஊர் திரும்பும்வரை வானுக்குள் இதே கதை. பச்சைமா பிட்டும் நண்டுக் குழம்பும், மரவள்ளிக்கிழங்கு அவியலும் கட்டாச் சம்பலும், கீரைச் சுண்டலும் திரளி மீனும், பருவகாலத்தில் பாலைப்பழமும் காட்டுத்தேனும் என்று ஒரு முழுப் பட்டியல் தயாராகிவிட்டது.

ஆசையோடு நிறுத்தாமல் மற்ற இடங்களில் நடந்ததையும் பார்ப்பது நல்லது. சென்னையில் 2013 பெப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் சமைத்தார்கள். ஓர் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை. கூலித் தொழிலாளருக்கும் வைத்தியசாலைக்கு வந்து நிற்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் அங்கே பெண்கள் கூலி பெறுபவர்கள். கடை அவர்களுடையது அல்ல. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020 முதல் ஜனகீய ஹோட்டல்களை நடத்தினார்கள். சாப்பாடு 20 ரூபாய், அரசாங்கம் ஒரு சாப்பாட்டுக்கு 10 ரூபாய் மானியம் தரும் என்ற ஏற்பாடு. மானியம் மாதக்கணக்கில் நிலுவையாகி, 2023 இல் நிறுத்தப்பட்டது. கடனுக்குப் பொருள் வாங்கிச் சமைத்த பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டி வந்தது. மும்பையில் ஆலைத் தொழிலாளருக்கு வீட்டில் சமைத்துப் போட்ட பெண்களை 1975 இல் பிரேமா புரவ் என்பவர் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்று ஒன்றுசேர்த்தார். வட்டிக்காரனிடம் வாங்கிச் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து வங்கிக் கடன் பெற்றார்கள். எனக்கு இந்த மூன்றிலும் மும்பைக் கதைதான் பிடித்தது. கட்டிடம் தருவார்களா, மானியம் வருமா என்று பார்த்திருக்காமல், ஏற்கனவே செய்துவந்த வேலையை வைத்தே தொடங்கினார்கள்.

கடன் என்றதும் எமது பெண்கள் பயப்படுவது நியாயம். நுண்கடன் கம்பனிகள் வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து நின்றதை நாம் அனுபவித்தோம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. ஆகவே பெரிய கடன் எடுத்துக் கடை போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2022 இல் என்ன நடந்தது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2021 ஒக்ரோபர்வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்தக் காசு கொடுக்கவும் சிலிண்டர் கிடைக்கவில்லை. பட்டணத்துக் கடைகள் பல மூடிக் கிடந்தன. விறகடுப்பில் இடியப்பம் அவித்த எமது பெண்கள் மூடவில்லை. புகை கண்ணைக் கெடுக்கும் என்பதை மறக்கச் சொல்லவில்லை. புகைபோக்கி வைத்த அடுப்பு கட்ட மண்ணும் செங்கல்லும்தான் வேண்டும்.

சட்டப்படி செய்ய வேண்டியதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். கடை நடத்தப் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். தண்ணீர், கழிவு போகும் வழி, மூடிவைக்கும் பெட்டி, சமைப்பவரின் மருத்துவச் சான்றிதழ் முதலியவற்றைக் கேட்பார். அவரைக் கண்டு ஒளியத் தேவையில்லை. தொடங்க முன்னரே போய், எப்படி அமைக்க வேண்டும் என்று கேளுங்கள். முதலே கேட்டுச் செய்தால் பிறகு உடைத்துக் கட்டும் செலவு மிஞ்சும். குழுவாகச் செய்வதானால் யார் என்ன நாளில் வருவது, மீந்ததை எப்படிப் பகிர்வது, ஒருவருக்குச் சுகமில்லை என்றால் என்ன செய்வது என்பதை எல்லாம் எழுதிக் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரரோடு செய்தால் இன்னும் கட்டாயமாக எழுதுங்கள். குழுக்கள் உடைவதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் காசால் அல்ல, "நான் மட்டும்தான் எந்த நாளும் சட்டி கழுவுறன்" என்ற வார்த்தையால்தான் உடைகின்றன.

யாழ்ப்பாணம் போய்வந்தவர்களில் ஏழு பெண்கள் இப்போது தொடங்கிவிட்டார்கள். பட்டணத்துக்குப் போகவில்லை. திருகோணமலை வீதியில் ஆறுகளுக்கு மேலே பாலங்கள் வந்தபிறகு, முன்பு பாதைப் படகுக்குக் காத்திருந்த பயணிகள் எல்லோரும் இப்போது எமது ஊரால்தான் ஓடிப் போகிறார்கள். நிறுத்துவதற்கு ஓர் இடம் இருந்தால் நிறுத்துவார்கள் என்பது இவர்களின் கணக்கு. பனிச்சங்கேணிப் பக்கம் வீதியோரமாக ஒருவரின் வளவில் கிடுகுக் கொட்டில் போட்டிருக்கிறார்கள். இரண்டு நீள வாங்கு, ஒரு மேசை, ஆளுக்கு இரண்டாக வீட்டில் இருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டு. பார்சலும் கட்டிக் கொடுப்பார்கள், ஆனால் வாழையிலையில். வளவுக்காரப் பெண் தனது மலசலகூடத்தைப் பாவிக்க விடுகிறார். அதற்காக நாளொன்றுக்கு ஒரு சிறு தொகை அவருக்குப் போகிறது. வாசலில் 'பெண்களுக்கு மலசலகூட வசதி உண்டு' என்று கையால் எழுதிய மட்டையைத் தொங்கவிட்டது கதிரவெளி அக்காவின் யோசனை. அதைக் கண்டுதான் வான்கள் நிற்கின்றன என்று அவர் சொல்கிறார். நண்டுக் குழம்பைக் கண்டுதான் நிற்கின்றன என்று மற்ற ஆறு பேரும் சொல்கிறார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை 6 மணியில் இருந்து மத்தியானம் 2 மணிவரை திறந்திருக்கும். பிட்டும் மீன்குழம்பும் எப்போதும் உண்டு. நண்டு அன்றைய களப்பைப் பொறுத்தது.